காசிமேட்டில் சுகர், பிரஷர் முகாம்: திட்டத்தில் ஓட்டை எங்கே?

கரையோரப் படிப்பகம் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் படிப்பகம் சார்பாக ஒரு சுகர், பிரஷர் முகாம் போடுகிறோம். மார்ச் கடைசி ஞாயிறு, காலை 9 முதல் 1 மணி வரை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய மூன்று தெருக்கள், 100 பேர் வருவார்கள் என்று கணக்கு. எடை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், விரல் நுனி ரத்தத்தில் சுகர். கையில் இருப்பது இரண்டு பிபி மிஷின், ஒரு குளுக்கோமீட்டர், 100 ஸ்ட்ரிப் (ரத்தத் துளி வைக்கும் பட்டை), 100 லான்செட் (விரல் குத்தும் ஊசி). சுகர் 200, பிரஷர் 140/90 தாண்டினால் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து டாக்டரைப் பார்க்கச் சொல்வோம். "வெறும் வயிற்றில் வரவும்" என்று நோட்டீஸ் அடிக்கலாமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நோட்டீஸ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

தண்டையார்பேட்டை நர்ஸ்

அச்சுக்குப் போகாதது நல்லதாய்ப் போயிற்று. 2020இல் தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம் ஸ்டெப்ஸ் என்ற தொற்றா நோய் ஆய்வு எடுத்தார்கள். ரத்தக்கொதிப்பு 33.9 விழுக்காடு, சர்க்கரை நோய் 17.6 விழுக்காடு. இந்த இரண்டு எண்ணையும் எல்லோரும் மேடையில் சொல்கிறார்கள். அதே ஆய்வில் இன்னும் இரண்டு எண் இருக்கிறது. பிரஷர் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 விழுக்காடு, சுகர் உள்ளவர்களில் 10.8. பிறகு நடந்த சுற்றில் இவை ஏறின, ஆனாலும் பெரும்பாலோர் இன்னும் கட்டுக்கு வெளியேதான் இருக்கிறார்கள்.

உங்கள் முகாமுக்கு வருகிற பிரஷர்காரர்களில் பலருக்கு அது இருப்பது முன்பே தெரிந்திருக்கும். அவர்களிடம் "உங்களுக்கு பிரஷர்" என்று மறுபடி சொல்லி என்ன பயன்? மாத்திரை எப்போது நின்றது, ஏன் நின்றது என்று கேட்க வேண்டும். உங்கள் படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை.

சீட்டு கொடுத்து அனுப்புவதுதான் பெரிய ஓட்டை. சீட்டு பர்ஸில் கிடக்கும், அதோடு சரி. முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் வார்டின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலரைப் பாருங்கள். முகாம் நாளில் அங்கிருந்து ஒரு நர்ஸையும், மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் அக்காவையும் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 முதல் ஓடும் திட்டம் அது. வீடுவீடாக மாத்திரை கொண்டுபோகிறவர் அவர்தான். எந்தச் சந்தில் எந்தப் பாட்டி மாத்திரையை டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். கதவு எண், போன் எண், அளவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி அன்று மாலையே அவரிடம் நகல் கொடுங்கள். 14 நாளில் யார் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று அந்த நோட்டை வைத்துத்தான் பார்க்க முடியும்.

விரல்நுனி (ஆய்வக நுட்பர்)

"வெறும் வயிற்றில் வரவும்" என்று அடிக்கவே அடிக்காதீர்கள். ஏற்கெனவே கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நோட்டீஸ் சொன்னபடி சாப்பிடாமல் வந்து, வெயிலில் வரிசையில் நிற்பார்கள். சுகர் இறங்கி வியர்த்து, கை நடுங்கி விழுவார்கள். மேசையில் சர்க்கரையும் தண்ணீரும் கட்டாயம் இருக்கட்டும். 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 108.

இன்னொன்று, வெறும் வயிறு என்றால் 8 மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. ஏலத்துக்கு விடியுமுன் போகிறவர் 9 மணிக்குள் மூன்று டீ முடித்திருப்பார். "டீ மட்டும்தான் குடிச்சேன்" என்பார். அதில் சர்க்கரையும் பாலும் இருக்கிறது. ஆகவே எந்த நேரத்திலும் எடுக்கும் ரேண்டம் சுகர் எடுங்கள். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டார் என்று எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

200 என்ற உங்கள் கோடு உயரம் அதிகம். தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் ரேண்டம் 140 தாண்டினாலே அடுத்த சோதனைக்கு அனுப்பச் சொல்கிறார்கள். உறுதி செய்வது ஆய்வகத்தில், நரம்பில் எடுத்த ரத்தத்தில்: வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200, அல்லது எச்.பி.ஏ.1சி (கடந்த மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் சோதனை) 6.5. ரத்தசோகை உள்ளவர்களிடம் குளுக்கோமீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவு எச்.பி.ஏ.1சியையும் கூட்டிக் காட்டும். நம் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு என்பது தெரிந்ததே. ஒரே எண்ணை வைத்து யாரையும் சுகர்காரர் என்று முத்திரை குத்தாதீர்கள்.

தண்டையார்பேட்டை நர்ஸ்

@விரல்நுனி, 140 சரிதான். ஆனால் டீ குடித்துவிட்டு வந்த 40 பேரை மறுநாளே ஓ.பி.க்கு அனுப்பினால் அங்கே யாரும் நின்று கவனிக்க முடியாது. இரண்டாகப் பிரிக்கலாம். 200க்கு மேல் உள்ளவர்கள், அதிலும் தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு என்று சொல்பவர்கள் மறுநாளே. 140 முதல் 199 வரை உள்ளவர்களுக்கு அடுத்த வாரத்தில் நாள் குறித்துக் கொடுத்து, காலை 8 மணிக்கு வெறும் வயிற்றில் சுகாதார நிலைய ஆய்வகம். தேதியைச் சீட்டில் எழுதுங்கள். "முடிஞ்சா வாங்க" என்றால் வரமாட்டார்கள்.

விரல்நுனி

ஒத்துக்கொள்கிறேன். குத்தும்போது நடக்கும் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். மீன் கழுவின கை, டீ கிளாஸ் பிடித்த கை, பழம் உரித்த கை எல்லாம் வரும். விரலில் ஒட்டிய இனிப்பு 50, 60 வரை கூட்டிக் காட்டிவிடும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைப்பதுதான் நல்லது. ஒரு வாளி, குவளை, சோப்பு, சுத்தமான துணி வையுங்கள். ஸ்பிரிட் போட்டால் காய்ந்த பிறகே குத்த வேண்டும், ஈரத்தோடு எடுத்தால் அளவு தவறும். மோதிர விரல் அல்லது நடுவிரலின் பக்கவாட்டில் குத்துங்கள். நடுச் சதையில் குத்தினால் மீன் அறுக்கிற பெண்ணுக்கு இரண்டு நாள் கத்தி பிடிக்க வலிக்கும். முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். பிழிந்து எடுக்காதீர்கள், கையைத் தொங்கவிட்டுத் தேய்த்தால் ரத்தம் தானே வரும்.

ஸ்ட்ரிப் டப்பா கடற்காற்றில் திறந்து கிடந்தால் ஈரம் ஏறிக் கெட்டுப்போகும். ஒன்றை எடுத்ததும் மூடி. வெயிலில் மேசை போடாதீர்கள்.

லான்செட் ஒருவருக்கு ஒன்று. பேனா போன்ற குத்தும் கருவி வீட்டில் ஒரே ஆள் வைத்துக்கொள்வது. ஊசியை மாற்றினாலும் முனையில் ரத்தம் ஒட்டியிருக்கும், ஹெப்படைட்டிஸ் பி அதில் பரவும். முகாமுக்கு ஒரு தடவை குத்தித் தானே உள்ளே போய்விடும் லான்செட் மட்டும் வாங்குங்கள்.

வலைக்காரன்

சுகர் விவரம் நீங்க பாத்துக்குங்க, நாள் விஷயம் நான் சொல்றேன். ஞாயித்துக்கிழமை காலைல காசிமேட்ல முகாம் வச்சா வியாபாரி ஒருத்தரும் வரமாட்டாங்க. வாரத்துல அன்னைக்குத்தான் கூட்டம், அன்னைக்குத்தான் காசு. விசைப்படகுக்காரங்க கடலுக்குப் போனா பல நாள் கழிச்சுத்தான் கரை. மார்ச்சில வச்சா உங்க 100 பேர்ல 80 பேர் வீட்ல இருக்கற பெரியவங்களாத்தான் இருப்பாங்க.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில. ஆம்பிளைங்க வலை பின்னிக்கிட்டு, படகைப் பழுது பாத்துக்கிட்டு இங்கதான் இருப்பாங்க. ஏப்ரல் கடைசி வாரம் வைங்க, சாயங்காலம் 5 மணிக்கு மேல. அப்ப கண்டுபிடிச்சா ஒன்றரை மாசம் மாத்திரை சாப்பிட்டு, ரெண்டு தடவை அளவு பாத்து, டோஸ் சரிபண்ணிட்டுக் கடலுக்குப் போகலாம். மார்ச்சில கண்டுபிடிச்சா அடுத்த நாளே கடல். யாரு தொடர்ந்து பாக்கறது?

தண்டையார்பேட்டை நர்ஸ்

இந்த ஒரு யோசனைக்காகவே இந்த இழை போதும். மார்ச்சை விட்டுவிடுங்கள்.

கரையோரப் படிப்பகம்

மாற்றிவிட்டோம், ஏப்ரல் கடைசி சனிக்கிழமை மாலை. அடுத்த கேள்வி. 250 பேர் வந்தால் ஸ்ட்ரிப் 100தான். யாருக்குக் குத்துவது, யாரை விடுவது?

நாடா (மக்கள் நலப் பணி)

யாருக்கு சுகர் ஆபத்து அதிகம் என்று கணிக்க, சென்னையிலேயே உருவான ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது; மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் தயாரித்தது. ரத்தமே வேண்டாம், நாலு கேள்வி.

வயது 35க்குள் 0, 35 முதல் 49 வரை 20, அதற்கு மேல் 30. இடுப்பு: பெண்ணுக்கு 80 செ.மீ.க்குள், ஆணுக்கு 90க்குள் 0. பெண் 80–89, ஆண் 90–99 என்றால் 10. அதற்கு மேல் 20. உடற்பயிற்சியும் உண்டு, கடும் உழைப்பும் உண்டு என்றால் 0. இரண்டில் ஒன்று மட்டும் 20. இரண்டும் இல்லை 30. அப்பா அம்மா இருவருக்கும் சுகர் இல்லை 0, ஒருவருக்கு 10, இருவருக்கும் 20. கூட்டுத்தொகை 60 வந்தால் அதிக ஆபத்து.

42 வயதுப் பெண், இடுப்பு 88, வீட்டோடு தையல், அம்மாவுக்கு சுகர்: 20 + 10 + 30 + 10 = 70. குத்துங்கள். 28 வயது, மூட்டை தூக்குகிறவர், இடுப்பு 78, குடும்பத்தில் யாருக்கும் இல்லை: 20. அவருக்கு பிரஷர் மட்டும் பாருங்கள்.

நாடாவை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்க வேண்டும். புடவைக் கொசுவத்தின் மேலோ கைலி முடிச்சின் மேலோ அளந்தால் நாலைந்து செ.மீ. கூடிவிடும், ஒரு படி மதிப்பெண்ணே மாறிவிடும். பெண்களுக்கு ஒரு திரை கட்டி, அளப்பதற்கும் ஒரு பெண்ணை வையுங்கள்.

பிபி மிஷினில் கஃப் (கையில் சுற்றும் பட்டை) அளவைப் பாருங்கள். கூட வருவது பெரும்பாலும் 22–32 செ.மீ. கைக்கானது. பருத்த கைக்கு அதைக் கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். 32–42 அளவு ஒன்று தனியாக வாங்குங்கள். ஜாக்கெட் கை, சட்டைக் கை மேல் கட்டாதீர்கள். சட்டையைச் சுருட்டி இறுக்கினாலும் தப்பு, கழற்றச் சொல்லுங்கள். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே கஃபின் கீழ் விளிம்பு, இரண்டு விரல் உள்ளே நுழையும் இறுக்கம். கை மேசை மேல், நெஞ்சு மட்டத்தில். கை அந்தரத்தில் தொங்கினால் 10 கூடும், பேசினால் 10 கூடும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் 10 கூடும். மூன்றும் சேர்ந்தால் 128 இருப்பவர் 150க்கு மேல் போய் நிற்பார், அநாவசியமாக மாத்திரை தொடங்கும்.

அளக்குமுன் 5 நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும். காபி, டீ, பீடி முடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துச் சராசரி. சாய்மானம் உள்ள நாற்காலி ஆறு வரிசையாகப் போட்டால் முன்னால் இருப்பவருக்கு அளக்கும்போதே பின்னால் இருப்பவருக்கு ஓய்வு முடிந்துவிடும். ஆளுக்கு 4 நிமிடம் வீதம் இரண்டு மிஷினில் மணிக்கு 30 பேர். ஸ்டூல் வேண்டாம்.

180/120 தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் இருந்தால் சீட்டெல்லாம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். 108. பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் நாலரை மணிதான், அது அறிகுறி தொடங்கிய நிமிடத்திலிருந்து ஓடுகிறது. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கூட வந்தவரிடம் கேட்டு எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

உப்புக்கணக்கு (உணவியல்)

முகாமில் ஒரு சாப்பாட்டு மேசை வையுங்கள். "உப்பைக் குறைங்க" என்று சொல்லத் தேவையில்லை. "ஒரு கிலோ உப்பு பாக்கெட் உங்க வீட்டுல எத்தனை நாள் வருது, எத்தனை பேர் சாப்பிடறீங்க?" என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன். நாலு பேருக்கு 30 நாளைக்கு 600 கிராம். அதே நாலு பேர் ஒரு கிலோவை மாதத்தில் முடித்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை பஜ்ஜி, சால்னா இந்தக் கணக்கில் வராது, அதெல்லாம் தனி.

இந்தக் கணக்கு காசிமேட்டில் ஒரு இடத்தில் தவறும். அங்கே மீன் கழுவக் கல்லுப்பு போடுவார்கள், அதில் பாதி சாக்கடைக்குப் போய்விடும். ஆகவே "கழுவறதுக்கு எது, சமைக்கறதுக்கு எது" என்று பிரித்துக் கேட்காமல் யாரையும் குற்றம் சொல்லாதீர்கள்.

கருவாட்டை விடச் சொன்னால் விடமாட்டார்கள், விடவும் தேவையில்லை. வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி அரை மணி. குழம்பில் கருவாடு வெந்து முடிகிற வரை உப்பு போடக்கூடாது. ருசி பார்த்துத் தேவையானால் மட்டும். பிரஷர் உள்ள வீட்டில் வாரம் ஒரு நாள்.

விரல்நுனி

உப்பைவிடச் சோறுதானே இங்கே பெரிய பிரச்சினை? ரேஷன் அரிசி மூன்று வேளை. உப்பு மேசையில் நேரத்தைச் செலவழித்தால் சுகர்காரருக்கு என்ன கிடைக்கும்?

உப்புக்கணக்கு

இரண்டும் வேண்டும். மேலே நர்ஸ் போட்ட எண்ணைப் பாருங்கள், பிரஷர் சுகரைப் போல இரண்டு மடங்கு. அதனால் உப்பை முதலில் வைத்தேன். சோற்றுக்கு ஒரு எவர்சில்வர் தட்டை மேசையில் வைத்துக் காட்டுங்கள். பாதித் தட்டு காய், கீரை. கால் தட்டு சோறு. கால் தட்டு மீன் அல்லது பருப்பு. வடசென்னையில் வஞ்சிரம் வாங்கச் சொல்ல வேண்டியதில்லை. மத்தி, நெத்திலி, கவலை விலையும் குறைவு, நல்ல கொழுப்பும் அதிகம். பொரிக்காமல் குழம்பில் போட்டால்தான் அந்தப் பலன். எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர். பஜ்ஜிக் கடை எண்ணெய் கறுத்து, நுரைத்து, சூடேறுமுன்பே புகைந்தால் அது முடிந்த எண்ணெய்.

பொட்டாசியம் கலந்த உப்பு பிரஷருக்கு நல்லது என்று இப்போது விற்கிறார்கள். சிறுநீரகம் பழுதானவர்களும், எனலாபிரில், டெல்மிசார்ட்டான் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

மாத்திரை அட்டை (மருந்தாளுநர்)

மாத்திரை ஏன் நிற்கிறது என்று முதலில் நர்ஸ் கேட்டாரே, கவுன்ட்டரில் கேட்கும் காரணங்கள் இவை. "அளவு நார்மல் ஆயிடுச்சு." மாத்திரை போட்டதால்தான் நார்மல் என்று பதில் சொல்லுங்கள். "கால் வீங்குது." அது பெரும்பாலும் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை, மாற்று உண்டு. "வறட்டு இருமல்." எனலாபிரில், அதற்கும் மாற்று உண்டு. "வயித்தைப் புரட்டுது." சுகர் மாத்திரையான மெட்பார்மினை வெறும் வயிற்றில் போட்டிருப்பார், சாப்பாட்டோடு போடச் சொல்லுங்கள். இந்த நாலு பதிலும் தெரிந்த ஒருவர் மேசையில் இருந்தால் பாதி அட்டைகள் மறுபடி திறக்கும். டோஸை மட்டும் யாரும் மேசையில் மாற்றக்கூடாது, அது டாக்டர் வேலை.

துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கள் உடம்பு வலிக்கு டைக்ளோபினாக் தினமும் வாங்கிப் போடுகிறார்கள். பிரஷர் மாத்திரை வேலை செய்யவில்லை என்று வருகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். அது பிரஷரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் அரிக்கும். சுகர், பிரஷர் உள்ளவர்கள் வருடம் ஒரு தடவை சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினினும், சிறுநீரில் ஆல்புமின் அளவும் பார்க்க வேண்டும். ஆல்புமின் கிரியாட்டினின் விகிதம் 30க்குள் இருந்தால் நல்லது. கால் வீங்கும் வரை காத்திருந்தால் பாதி சிறுநீரகம் போயிருக்கும்.

வலைக்காரன்

படகுல இன்சுலின் எடுத்துட்டுப் போறவங்க ஐஸ் பெட்டியில வைக்கறாங்க. சரியா?

மாத்திரை அட்டை

ஐஸ் மேலேயே வைத்தால் உறைந்துவிடும். உறைந்த இன்சுலின் உருகினாலும் பழைய மருந்து ஆகாது, அதைக் குத்தினால் சுகர் இறங்காது. பயன்பாட்டில் இருக்கும் குப்பி 30 டிகிரிக்குள் இருந்தால் 28 நாள் வரை தாங்கும், ஐஸே தேவையில்லை. எஞ்சின் பக்கமும் வெயிலும் ஆகாது. வாய் இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் துண்டு சுற்றி, படகின் நிழலான இடத்தில், ஈரத் துணி போர்த்திய மண்பானைக்குள் வைத்தால் போதும். திறந்த தேதியைக் குப்பியில் எழுதுங்கள். போகிற நாள் எத்தனையோ அதோடு நாலு நாள் மருந்து கூடுதலாக எடுத்துப் போகட்டும்.

பாதம்

கால் பார்க்காத சுகர் முகாம் அரைகுறை. ராயபுரத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1948இல் சர்க்கரை நோய்க்குத் தனிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் எம். விஸ்வநாதன், 1954இல் ராயபுரத்திலேயே அதற்கென்று மருத்துவமனையும் தொடங்கினார். அந்தப் பகுதியிலேயே இன்றும் விரல் கறுத்த பிறகு வருகிறார்கள் என்பதுதான் வேதனை.

மீன் விற்கும் பெண்களின் கால் நாளெல்லாம் ஐஸ் தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறும். தோல் வெளுத்து, விரலிடுக்கு வெடிக்கும். நரம்பு மரத்தவருக்குக் கெளுத்தி முள் ஏறினாலும் தெரியாது. மூன்றாம் நாள் வீக்கமும் வாடையும் வந்தபின்தான் பார்ப்பார். சுகர் உள்ள எல்லோரையும் செருப்பைக் கழற்றி உட்காரச் சொல்லுங்கள். 10 கிராம் மோனோஃபிலமென்ட் (தொடு உணர்ச்சி பார்க்கும் நைலான் இழை) ஒன்று போதும். கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரல் அடியிலும் முன்பாதத்திலும் இழை வளையும் வரை ஒரு நொடி அழுத்தி, "எங்கே தொட்டேன்?" என்று கேளுங்கள். காய்ப்பு உள்ள இடத்தில் தொடாதீர்கள், அங்கே யாருக்குமே தெரியாது. சொல்லத் தெரியாதவருக்கு வலை போல் ஓட்டை இல்லாத, முன்பக்கம் மூடிய ரப்பர் செருப்பு, மாலையில் விரலிடுக்கைத் துடைத்துக் காயவைப்பது, கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது. ஆணியைப் பிளேடால் சீவக்கூடாது.

மணலிக்காற்று

சுருக்கமாக இரண்டு. ஹான்ஸ், மாவா, கூல் லிப் என்று வாயில் புகையிலை போடுகிறவர்களிடம் வாயைத் திறந்து மூன்று விரலை நிமிர்த்தி நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை, அல்லது வெள்ளைத் திட்டு, இரண்டு வாரம் ஆறாத புண் இருந்தால் பல் மருத்துவப் பிரிவுக்குச் சீட்டு. விட நினைப்பவருக்கு 1800 11 2356, கட்டணமில்லை.

எண்ணூர், மணலி, கன்டெய்னர் சாலைப் பக்கத்திலிருந்து வருகிறவர் மூன்று மாதமாகச் சளியோடு இருமல் என்றால், பீடி பிடிக்காதவரானாலும் முதலில் சளிப் பரிசோதனை, காசநோய் இல்லையென்றால் நுரையீரல் ஊதும் சோதனை. இன்ஹேலர் வைத்திருப்பவரை உங்கள் முன்னால் ஒரு தடவை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். குலுக்காமல், மூச்சை வெளியே விடாமல் அழுத்துவார்கள், மருந்தெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடும்.

கரையோரப் படிப்பகம்

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திட்டத்தை மாற்றி எழுதியிருக்கிறோம். ஏப்ரல் கடைசி சனி, மாலை 5 முதல் 9. நாடா மேசை, ஆறு நாற்காலி, பிபி, கை கழுவும் வாளி, சுகர், கால், உப்பும் தட்டும், கடைசியில் மாத்திரை மேசை. நோட்டீஸில் "சாப்பிட்டுவிட்டு வரலாம், சாப்பிடும் மாத்திரை அட்டையைக் கொண்டுவாருங்கள்" என்று இருக்கும். இரண்டே கேள்வி: ஸ்ட்ரிப் எத்தனை வாங்க? குத்திய லான்செட்டை எங்கே போட?

விரல்நுனி

100 பேருக்குக் குத்துவதானால் 120. பிழை காட்டும் ஸ்ட்ரிப், 300 தாண்டியவருக்குக் கை கழுவி இரண்டாவது தடவை, தொடங்குமுன் கன்ட்ரோல் திரவம் வைத்து மீட்டரைச் சரிபார்க்க இரண்டு. எல்லாம் ஒரே லாட்டில் வாங்குங்கள். மீட்டர் இரண்டு இருக்கட்டும், இரண்டும் ஒரே கம்பெனி. வேறு மீட்டரின் ஸ்ட்ரிப் இதில் நுழையாது.

லான்செட் குத்துப்படாத வெள்ளை டப்பாவில், முக்கால் நிரம்பியதும் மூடிவிடுங்கள். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில். இரண்டையும் அன்று இரவே சுகாதார நிலையத்தில் ஒப்படைக்க மருத்துவ அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தெருக் குப்பைத் தொட்டியில் விழுந்தால் மறுநாள் காலை அது தூய்மைப் பணியாளர் கையில்தான் ஏறும்.